கை நடுக்கத்துக்கு ஏன் நெஞ்சு மாத்திரை? புரோப்ரனோலால் சாப்பிடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மல்லிச்சரம்

எனக்கு 53 வயது. சிங்கப்பூர் தேக்காவில் ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறேன், 22 வருஷமாக இதே வேலைதான். நாலைந்து வருஷமாகவே வலது கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது இடது கையும் சேர்ந்துகொண்டது. சும்மா மடியில் வைத்திருந்தால் ஒன்றுமில்லை. கோப்பிக் கோப்பையைத் தூக்கினால்தான் ஆட்டம் ஆரம்பம், பாதி கோப்பி தட்டில் கிடக்கும்.

சரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நாலு மல்லி மொக்கைக் காம்போடு காம்பு சேர்த்து இடது கை விரலிடுக்கில் பிடித்து, வலது கையால் நாரைச் சுற்றி முடிச்சை இறக்க வேண்டும். விரல் நிற்கவில்லை என்றால் மொக்கு திரும்பிக்கொள்ளும், முடிச்சு காம்பில் விழாமல் இதழில் விழும், வாங்கிப் போகிறவர் தலையில் வைப்பதற்குள் பூ கழன்று கொட்டும். போன மாதம் இரண்டு பேர் சரத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். அதைவிட மோசம், மீதிச் சில்லறை கொடுக்கும்போது கை ஆடுவதைப் பார்த்துவிட்டு ஒருத்தர் என் முதலாளியிடம் "அந்தம்மா குடிக்குமா?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் அப்பாவுக்கும் இதே நடுக்கம் இருந்தது. கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். சாயந்திரம் கொஞ்சம் போட்டால் அவர் கை நின்றுவிடும், காலையில் மறுபடி ஆடும். அதனால் வீட்டில் எல்லாருமே, நான் உட்பட, குடியால் வந்த நடுக்கம் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பலதுறை மருந்தகத்துக்கு, அதாவது பாலிகிளினிக்குக்குப் போனேன். டாக்டர் கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், தாளில் ஒரு சுருள் வரையச் சொன்னார். மார்கழி தவறாமல் கோலம் போட்ட கை, இது என்ன பெரிய விஷயம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நத்தைக் கூடு வரைய வேண்டிய இடத்தில் கடலலை வந்தது. தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள், அது சரியாக இருந்தது. பார்க்கின்சன்ஸ் இல்லை, எசென்ஷியல் டிரெமர் என்று சொல்லி புரோப்ரனோலால் 10 மில்லிகிராம், காலையும் இரவும் என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மகன் போனில் தட்டிப் பார்த்தால் ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சு வலிக்கும் கொடுக்கிற மாத்திரையாம். என் ரத்த அழுத்தம் அன்றைக்குப் பார்த்ததே 112க்கு 70தான். இல்லாத வியாதிக்கு எதற்கு மாத்திரை? தவறிப்போய் வேறு யாருடைய மருந்தையாவது கொடுத்துவிட்டார்களா? உறையை இன்னும் பிரிக்கவில்லை. அப்புறம் எசென்ஷியல் என்றால் அவசியம் என்று அர்த்தமாம், மகன் சொல்கிறான். நடுக்கம் யாருக்கு அவசியம்?

பழையடாக்சி

தங்கச்சி, மருந்து மாறவில்லை. நானும் அதையேதான் 7 வருஷமாகச் சாப்பிடுகிறேன், எனக்கும் ரத்த அழுத்தம் கிடையாது. வயது 66, 30 வருஷம் டாக்சி ஓட்டினேன். ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது தெரியாது, பயணி பணம் நீட்டும்போதுதான் மானம் போகும். பின்சீட்டில் இருக்கிறவர் "அங்கிள் ஆர் யூ ஓகே" என்று கேட்காத நாளில்லை.

எனக்கு ஆரம்பித்ததும் 10 மில்லிகிராம்தான், ஒரு நாளைக்கு இரண்டு. முதல் வாரம் ஒன்றுமே தெரியவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். அது சும்மா உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்கிற அளவாம். பிறகு 20, பிறகு 40 என்று ஏற்றிக்கொண்டே போனார்கள், மொத்தம் நாளுக்கு 80 வந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. இப்போது மெதுவாகக் கரைகிற மாதிரி மாத்திரை, காலையில் ஒன்று, 160.

எவ்வளவு வித்தியாசம் என்று கேட்பீர்கள். நான் பிடோக் படகுத்துறையில் தூண்டில் போடுகிறவன். நடுவில் இரண்டு வருஷம் பக்கத்தில் இருக்கிற பையன்தான் எனக்கு முள் கட்டித் தருவான். இப்போது நானே கட்டுகிறேன். நரம்பை முள்ளின் கண்ணுக்குள் நுழைக்க மூன்று நாலு தடவை குத்திப் பார்க்க வேண்டியிருக்கும், ஆனால் நுழைந்துவிடும். சூப் கரண்டி மட்டும் இன்னும் சிந்துகிறது. பாதி குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், முழுசாக நிற்காது. நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கெட்டதும் சொல்லிவிடுகிறேன். பேருந்தில் ஏர்கான் அடித்தால் விரல் நுனி ஐஸ் ஆகிவிடும். கனவு வரும், சாதாரணக் கனவு இல்லை, கலர்ப் படம், செத்துப்போன என் ஆயா ஒரு ராத்திரி முழுக்க என்னோடு சண்டை போட்டார். நாடி நிதானமாக ஓடும், என்னுடையது 54. மாடிப்படி ஏறினால் முன்பைவிடச் சீக்கிரம் களைக்கிறது. ஆண்களுக்கு வேறு ஒரு சங்கடமும் வரலாம், அதைச் சபையில் விவரிக்க விரும்பவில்லை, வந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள், மருந்தை மாற்றித் தருவார்கள்.

ஒன்றே ஒன்று, சட்டென்று நிறுத்தக் கூடாது. ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி போனபோது மாத்திரை டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். நாலு நாள்தானே என்று விட்டதில் இரண்டாம் நாள் இரவே நெஞ்சு தவில் மாதிரி அடிக்க ஆரம்பித்துவிட்டது, நாடி 120ஐத் தொட்டது. மாப்பிள்ளை வீட்டார் என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். முகூர்த்தத்தை நான் பார்க்கவில்லை.

கீழடுக்கு_சித்தப்பா

எதற்கு இங்கிலீஷ் மருந்து? பூனைக்காலி விதைப் பொடி பாலில் கலந்து 48 நாள் சாப்பிடச் சொல்லுங்கள். என் சகலைக்கு நடுக்கம் அதில்தான் அடங்கியது. பக்க விளைவு ஒன்றும் கிடையாது.

மாத்திரைஎண்ணுகிறவள்

நான் மருந்தாளராக வேலை பார்க்கிறேன், உங்களைப் பார்க்காமல் இங்கிருந்து வைத்தியம் சொல்ல முடியாது, ஆனால் கேட்டவற்றுக்குப் பதில் சொல்லலாம்.

முதலில் சித்தப்பாவுக்கு. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறது, அது நிஜம். அது பார்க்கின்சன்ஸ் நோய்க்குக் கொடுக்கிற மருந்து, மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் குறைவதால் வருகிற நடுக்கத்துக்கு. உங்கள் சகலைக்கு அடங்கியது என்றால் அவருக்கு வந்தது வேறு நடுக்கமாக இருக்கலாம். அக்காவுக்கு வந்திருப்பதில் அந்தக் கணக்கு பொருந்தாது. அதோடு லெவோடோபா குமட்டலையும் தலைச்சுற்றலையும் கொண்டுவரும் சரக்கு, பக்க விளைவு இல்லை என்று சொல்வதற்கில்லை.

இரண்டு நடுக்கத்துக்கும் வித்தியாசம் கண்ணாலேயே ஓரளவு தெரியும். பார்க்கின்சன்ஸ் கை சும்மா இருக்கும்போது ஆடும், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் ஆரம்பிக்கும், நடை மெதுவாகும், கையெழுத்து எறும்பு மாதிரி சிறுத்துக்கொண்டே போகும். அக்காவுடையது வேலை செய்யும்போது ஆடுகிறது, இரண்டு கையிலும் இருக்கிறது, அப்பாவுக்கும் இருந்திருக்கிறது, சுருள் பெரிதாகவும் அலையாகவும் வந்திருக்கிறது. உங்கள் டாக்டர் அந்தச் சுருளை விளையாட்டுக்கு வரையச் சொல்லவில்லை.

எசென்ஷியல் பற்றி. மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு அடியில் வேறு நோய் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை, இது தனியாக வருவது என்று அர்த்தம். அவசியம் என்ற அர்த்தமே இல்லை, மகனிடம் சொல்லுங்கள்.

இனி நெஞ்சு மாத்திரைக்கு வருகிறேன். 1960களில் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி இதை நெஞ்சு வலிக்காகத்தான் உருவாக்கினார், பின்னால் 1988இல் நோபல் பரிசும் வாங்கினார். உடம்பில் அட்ரினலின் போய் ஒட்டிக்கொள்கிற பூட்டுகள் இருக்கின்றன, அவற்றில் பீட்டா வகையை இது அடைத்துவிடும். இதயத்தில் அடைத்தால் துடிப்பு குறையும், அதுதான் எல்லாருக்கும் தெரிந்த வேலை. ஆனால் அதே வகைப் பூட்டு கைத் தசையிலும் இருக்கிறது. பீட்டா 1 பெரும்பாலும் இதயத்தில், பீட்டா 2 தசையிலும் மூச்சுக் குழாயிலும். நடுக்கத்தைக் குறைப்பதில் தசையில் இருக்கிற பீட்டா 2க்குப் பெரிய பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். அதனால்தான் இதயத்தை மட்டும் குறிவைக்கிற அட்டெனோலால் மாதிரி மருந்துகள் நடுக்கத்துக்கு அவ்வளவாக எடுபடுவதில்லை, இரண்டையும் அடைக்கிற பழைய புரோப்ரனோலால் இன்னும் முன்வரிசையில் நிற்கிறது. 1970களிலிருந்து நடுக்கத்துக்குக் கொடுக்கிறார்கள், புதுச் சோதனை ஒன்றும் இல்லை. டாக்சி அண்ணன் சொன்ன "பாதி" கிட்டத்தட்ட சரி, கேட்கிறவர்களுக்கு நடுக்கத்தின் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஆனால் எல்லாருக்கும் கேட்காது, மூன்றில் ஒருவருக்காவது பலன் இருக்காது. தலை ஆட்டத்துக்கும் குரல் நடுக்கத்துக்கும் கையைவிடக் குறைவாகத்தான் உதவும்.

அக்கா, இப்போது நான் கேட்கிறேன், உறையைப் பிரிப்பதற்கு முன்னால் பதில் சொல்லுங்கள். உங்களுக்கு ஆஸ்துமா உண்டா? இப்போது இல்லை என்றாலும் சின்ன வயதில்? இரவில் இருமல், வீசிங், இளைப்பு, எந்தப் பெயரில் சொன்னாலும் சரி. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறீர்களா? மயக்கம் வந்து விழுந்தது உண்டா? வேறு இதய மருந்து ஏதாவது?

மல்லிச்சரம்

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. டாக்சி அண்ணே, ஆயா கதையைப் படித்து மகன் சிரித்துக்கொண்டே இருக்கிறான்.

தங்கச்சி, சர்க்கரை இல்லை, மயக்கம் வந்ததில்லை. ஆஸ்துமா கிடையாது. டாக்டரும் அதைக் கேட்டார், இல்லை என்றுதான் சொன்னேன்.

ஆனால் நீங்கள் இளைப்பு என்று எழுதியதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. சின்ன வயதிலிருந்தே எனக்கு இளைப்பு உண்டு. அம்மா கற்பூரவள்ளி கொடுத்தே வளர்த்தார். ஊதாங்குழல் மாதிரி நீல நிற இன்ஹேலர் ஒன்று கைப்பையில் எப்போதும் இருக்கும், பக்கத்து கிளினிக்கில் தீரத் தீர வாங்கிக்கொள்வேன். மழை நாளில், சாம்பிராணிப் புகையில், புகைமூட்டம் வரும்போது எடுப்பேன். 2013இல் புகைமூட்டக் குறியீடு 400ஐத் தாண்டியதே, அந்த வாரம் ஒரு டப்பாவே காலி. ஆஸ்துமா என்றால் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் படுத்திருப்பார்களே, அது என்றல்லவா நான் நினைத்திருந்தேன். என்னுடையது வெறும் இளைப்பு.

டாக்டர் இங்கிலீஷில் கேட்டார், நோ என்றேன். அவர் தட்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை.

மாத்திரைஎண்ணுகிறவள்

அக்கா, உறையை அப்படியே வையுங்கள். ஒரு மாத்திரைகூட வேண்டாம். நாளைக்கே மருந்தகத்துக்குப் போன் செய்து "எனக்கு வீசிங் உண்டு, நீல இன்ஹேலர் எடுக்கிறேன், சொல்ல மறந்துவிட்டேன்" என்று சொல்லுங்கள்.

காரணம் இதுதான். மேலே சொன்ன பீட்டா 2 பூட்டு மூச்சுக் குழாயிலும் இருக்கிறது. நீல இன்ஹேலரில் இருக்கிற சால்பியூட்டமால் அந்தப் பூட்டைத் திறந்துதான் குழாயை விரிக்கிறது. புரோப்ரனோலால் அதே பூட்டை அடைக்கிறது. மூச்சு முட்டும்போது நீங்கள் இன்ஹேலரை அடித்தாலும் அது வேலை செய்யாமல் போகலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதனால் உயிருக்கே ஆபத்து வந்திருக்கிறது. 10 மில்லிகிராம் சின்ன அளவுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, சால்பியூட்டமால் தானே கையை நடுங்க வைக்கும். நாளுக்கு எத்தனை தடவை ஊதுகிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், உங்கள் நடுக்கத்தில் ஒரு பங்கு அதிலிருந்து வருகிறதா என்று அவர் பார்ப்பார்.

நீங்கள் தவறு செய்ததாக நினைக்க வேண்டாம். என் கவுண்டரில் தினமும் இதே கதைதான். "ஆஸ்துமா?" இல்லை. "வீசிங்?" ஓ, அது இருக்கிறது. அதனால்தான் நான் எப்போதும் மூன்று பெயரிலும் கேட்பது.

சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்சுலினோ, சர்க்கரையை அதிகம் இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்குத் திடீரென்று சர்க்கரை குறைந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அதுதான் எச்சரிக்கை மணி. புரோப்ரனோலால் அந்த மணியை அமுக்கிவிடும். வியர்ப்பது மட்டும் அப்படியே இருக்கும், வியர்த்தால் உடனே சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள்.

பாலிடெக்_பையன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு 19 வயது. வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் கை நடுங்குகிறது, குரலும். எங்கள் தாத்தா இதே மாத்திரை சாப்பிடுகிறார். அடுத்த வாரம் பெரிய பிரசெண்டேஷன், அவருடையதில் ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா? நண்பன் போட்டான், சூப்பராகப் பேசினான்.

மாத்திரைஎண்ணுகிறவள்

வேண்டாம் தம்பி. சிங்கப்பூரில் இது டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து, காரணம் இல்லாமல் அப்படி வைக்கவில்லை. பயத்தில் வருகிற படபடப்புக்கும் டாக்டர்கள் இதைச் சின்ன அளவில் கொடுப்பதுண்டு, அது உண்மை. ஆனால் அவர் உன் நாடியைப் பார்த்து, மூச்சைக் கேட்டு, இளைப்பு உண்டா என்று விசாரித்துத்தான் கொடுப்பார். தாத்தாவின் டப்பாவில் இருப்பது என்ன அளவு என்றாவது உனக்குத் தெரியுமா? ஒன்று 160 இருந்தால், பழக்கமில்லாத உடம்பு மேடையிலேயே மயங்கி விழவும் கூடும். உன் நண்பன் பேசியது அவன் அதிர்ஷ்டம்.

பழையடாக்சி

தம்பி, தாத்தாவுக்கு மாத்திரை எண்ணிக்கை தெரியும், நாங்களெல்லாம் எண்ணித்தான் வைத்திருப்போம், ஒன்று குறைந்தால் வீடே ரெண்டாகும்.

சும்மா ஒரு தகவல். இந்த மாத்திரையை வில் வித்தையிலும் துப்பாக்கி சுடுவதிலும் தடை செய்திருக்கிறார்கள், கை ஆடாமல் நிற்குமே, அதனால். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியாவின் கிம் ஜொங் சு ஒரு வெள்ளிப் பதக்கமும் ஒரு வெண்கலமும் வாங்கினார், சோதனையில் புரோப்ரனோலால் இருந்ததால் இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். நல்லவேளை, பிடோக்கில் மீன் பிடிக்கிறவர்களை யாரும் சோதிப்பதில்லை.

உட்லண்ட்ஸ்_மகள்

என் அம்மாவுக்கு நாடி ஏற்கெனவே குறைவு, 50க்குக் கீழேயே ஓடும், அதனால் புரோப்ரனோலால் ஆகாது என்று சொல்லி பிரிமிடோன் கொடுத்தார்கள். பழைய வலிப்பு மருந்து அது. நடுக்கத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு கேட்கும் என்று நரம்பியல் டாக்டர் சொன்னார். மல்லிச்சரம் அக்காவுக்கு இளைப்பு இருப்பதால் ஒருவேளை இதைத்தான் கொடுப்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

முதல் நாளை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. ராத்திரி ஒரு கால் மாத்திரைதான் போட்டார், காலையில் எழுந்தால் நிற்க முடியவில்லை, வாந்தி வேறு. நான் பயந்துபோய் நிறுத்திவிட இருந்தேன். தாதி போனில் பேசி, முதல் ஒன்றிரண்டு முறை சிலருக்கு இப்படி ஆகும், எப்படி இருக்கிறது என்று தினமும் சொல்லுங்கள் என்றார். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. அதனால் ஆரம்பிக்கிற நாளில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும், மறுநாள் வேலைக்கு லீவு போட வேண்டும், ராத்திரி பாத்ரூம் விளக்கை அணைக்கக் கூடாது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவற்றின் வேலையை பிரிமிடோன் குறைத்துவிடும்.

மாத்திரையில் அடங்காதவர்களுக்கு மூளையில் மின்கம்பி வைப்பது, ஒலி அலையைக் குவித்து மூளையில் ஒரு புள்ளியைச் சுடுவது என்று வேறு வழிகளும் இருக்கின்றன. அம்மாவுக்கு அதைச் சொன்னபோது "என் தலையை யாரும் தொடக் கூடாது, நான் கரண்டியில் சாப்பிடாமல் கையால் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று முடித்துவிட்டார். உண்மையிலேயே சோற்றைப் பிசைந்து கையால் சாப்பிட்டால் சிந்துவது குறைவுதான், கரண்டிதான் பிரச்சினையே.

கீழடுக்கு_சித்தப்பா

சகலையிடம் போன் போட்டுக் கேட்டேன். அவருக்கு வந்தது பார்க்கின்சன்ஸ்தானாம். ஆஸ்பத்திரி மருந்தையும் கூடவே சாப்பிட்டிருக்கிறார், என்னிடம் பொடியை மட்டும்தான் சொன்னார். நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

மாத்திரைஎண்ணுகிறவள்

சித்தப்பா, கேட்டுச் சொன்னதற்கு நன்றி. ஆஸ்பத்திரி மருந்திலும் லெவோடோபா, பொடியிலும் லெவோடோபா என்றால் அளவு கூடிவிடும். அவர் டாக்டருக்குப் பொடி விஷயம் தெரியுமா என்று ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள்.

மல்லிச்சரம்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், கேட்டுவிட்டு ஓடிப்போனவள் என்று நினைக்காதீர்கள்.

மறுநாளே மருந்தகத்துக்குப் போன் செய்தேன். உடனே வரச் சொன்னார்கள், பிரிக்காத உறையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒரு குழாயில் மூச்சை ஊதச் சொன்னார்கள், ஊதினேன், இன்ஹேலர் அடித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார்கள். வெறும் இளைப்பு இல்லை, ஆஸ்துமாவேதான். தினமும் எடுக்க வேண்டிய வேறு இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு நீல டப்பாவைத் தொடுவதே வாரத்துக்கு ஒரு தடவைகூட இல்லை. தங்கச்சி சொன்ன மாதிரி அதிலேயே நடுக்கம் கொஞ்சம் இறங்கியது. கோப்பி தட்டில் சிந்துவது பாதியிலிருந்து கால் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினார்கள். மறுபடியும் சுருள். இந்த டாக்டர் ஒரு கப்பிலிருந்து இன்னொரு கப்புக்குத் தண்ணீர் ஊற்றவும் சொன்னார், அவர் மேசையைத் துடைக்க வேண்டியதாயிற்று. உட்லண்ட்ஸ் தங்கை சொன்னது அப்படியே நடந்தது, பிரிமிடோன்தான், 250 மாத்திரையில் கால். முதல் இரண்டு காலையும் பாத்தாம் படகில் அலை நேரத்தில் நிற்கிற மாதிரி இருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். நீங்கள் முன்னாலேயே எழுதியிருக்காவிட்டால் நிச்சயம் குப்பையில் போட்டிருப்பேன். இப்போது பழகிவிட்டது, மெதுவாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள், அரை மாத்திரைக்கு வந்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை 40 முழம் மல்லி கட்டினேன். கடைசி ஏழெட்டு முழத்தில் கை சோர்ந்து ஆட ஆரம்பித்தது, அதை மட்டும் கூட இருக்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். எதுவும் திரும்பி வரவில்லை. சில்லறையை இப்போதெல்லாம் ஒரு தட்டில் வைத்து நீட்டுகிறேன், யாரும் கையைப் பார்ப்பதில்லை. குடிக்குமா என்று கேட்டவர் வந்தார், சாமந்தி மாலை வாங்கினார், அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். மது இந்த வகை நடுக்கத்தைக் கொஞ்ச நேரம் அடக்கும், பிறகு இன்னும் கூட்டிவிடும், அவருக்கும் இதுவே இருந்திருக்க வாய்ப்பு அதிகம், குடும்பத்தில் வருவதுதான் என்றார். வீட்டுக்கு வந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் "எனக்கும் ஒரு வருஷமாக ஆடுகிறது" என்றான். அடுத்த வாரம் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன், போகும்போது வீசிங் உண்டா என்று மூன்று பெயரிலும் நானே கேட்டுவிட்டேன், இல்லையாம். அவனுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரைப் பட்டியலை எழுதி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு தொல்லை, மாத்திரையைக் காலாக வெட்டுவது. நடுங்குகிற கைக்குக் கொடுக்கிற மாத்திரையைக் கத்தியால் நாலாக வெட்டு என்றால் எப்படி? ஒரு துண்டு குளிர்பெட்டிக்கு அடியில் போய்விட்டது. இப்போது மகன்தான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கு வெட்டித் தருகிறான்.

பழையடாக்சி

மாத்திரை வெட்டுகிற சின்ன பிளாஸ்டிக் பெட்டி மருந்துக் கடையில் கிடைக்கும், மூடினால் உள்ளே இருக்கிற பிளேடு வெட்டிவிடும், விலை சில வெள்ளிதான். என்னிடம் இரண்டு இருக்கிறது, மனைவி ஒன்று வாங்கி நான் ஒன்று வாங்கியது. எந்தக் கடை என்று சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை தேக்கா பக்கம் வருவேன், கொடுத்துவிட்டுப் போகிறேன். பதிலுக்கு ஒரு முழம் மல்லி, வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.